உயிர்த்திரள் வளிமமாக்கலில் இயற்கை வினையூக்கிகளின் வரலாறு

உயிர்த்திரள் வளிமமாக்கலில் பயன்படும் இயற்கை வினையூக்கிகள் என்பவை, விறகு, வேளாண் கழிவு போன்றவற்றிலிருந்து எரிவளி உருவாக்கும்போது உடன் தோன்றும் தாரைச் சிதைக்க உதவும் மலிவான பொருள்கள் ஆகும். டோலமைட், சுண்ணாம்புக்கல், மாக்னசைட், ஒலிவின், இல்மனைட் ஆகிய கனிமங்களும், வளிமமாக்கலின்போதே கிடைக்கும் மரக்கரியும் இவற்றுள் முக்கியமானவை. கனிமங்களைத் தோண்டி, உடைத்து, சலித்து, தேவையானால் சுட்டுப் பயன்படுத்தலாம். தொழிற்சாலையில் தயாரிக்கப்படும் நிக்கல் வினையூக்கிகளோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகக் குறைவு. 1980களில் தொடங்கிய இவற்றின் ஆய்வு வரலாறு, சுவீடன், பின்லாந்து, எசுப்பானியா, இத்தாலி, ஆத்திரியா, நெதர்லாந்து, டென்மார்க்கு ஆகிய நாடுகளில் பெரிதும் வளர்ந்தது.

வளிமமாக்கலும் தாரும்

விறகை முழுமையாக எரிப்பதற்குத் தேவையான காற்றைவிடக் குறைந்த அளவு காற்றையோ நீராவியையோ செலுத்தி, ஏறத்தாழ 700 முதல் 1,000 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், அது கார்பன் மோனாக்சைடு, ஐதரசன், மீத்தேன், கார்பன் டைஆக்சைடு ஆகியவை கலந்த வளியாக மாறுகிறது. காற்றைப் பயன்படுத்தினால் அதிலுள்ள நைட்ரசனும் இவ்வளியில் கலந்திருக்கும். இதனை எரித்துச் சமைக்கலாம், எந்திரத்தில் செலுத்தி மின்சாரம் எடுக்கலாம், மீத்தேனாகவோ நீர்ம எரிபொருளாகவோ மாற்றலாம்.

ஆனால் விறகு சூடாகும்போது முதலில் வெளிவருவது தூய வளி அன்று. மரத்தின் செல்லுலோசும் லிக்னினும் உடைந்து நூற்றுக்கணக்கான கரிமச் சேர்மங்கள் ஆவியாக வெளியேறுகின்றன. வெப்பம் கூடக்கூட இவற்றில் ஒரு பகுதி சிதைந்து எரிவளியாகிறது. மற்றொரு பகுதி பீனால், டொலுயீன், நாப்தலீன் போன்ற நிலைப்புத்தன்மை மிக்க வளையச் சேர்மங்களாக உருமாறுகிறது. வளி குளிரும்போது இவை குழாய்ச் சுவர்களிலும் வடிகட்டிகளிலும் எந்திரத்தின் தடுக்கிதழ்களிலும் கருநிறப் பசையாகப் படிகின்றன. இதுவே தார். பென்சீனைவிட அதிக மூலக்கூற்று எடை கொண்ட கரிம மாசுகள் அனைத்தையும் தார் எனக் கொள்வது 1990களின் இறுதியில் ஐரோப்பிய அளவீட்டு நெறிமுறைகளுக்கான கலந்தாய்வுகளில் ஏற்கப்பட்டது.

தாரின் அளவு உலையின் வடிவத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்துக்காகத் தாமசு மில்னே, நிகோலாசு அபட்சோகுலோ, ராபர்ட்டு எவன்சு ஆகியோர் 1998இல் எழுதிய அறிக்கை, அதுவரை வெளியான அளவீடுகளைத் தொகுத்தது. அதன்படி, வளி மேல்நோக்கிச் செல்லும் உலையில் ஒரு கன மீட்டர் வளிக்குப் பொதுவாக 100 கிராம் அளவிலும், பாய்மப்படுக்கை உலையில் 10 கிராம் அளவிலும், வளி கீழ்நோக்கிச் செல்லும் உலையில் 1 கிராம் அளவிலும் தார் இருக்கும். உள்ளெரி எந்திரம் தாங்கக்கூடியதோ கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்கும் குறைவு. எனவே பாய்மப்படுக்கை உலையிலிருந்து வரும் வளியில் எந்திரத்தை ஓட்ட வேண்டுமானால், தாரில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சும்படி நீக்க வேண்டும்.

நிலக்கரி வளியிலிருந்து விறகு வளிக்கு

தார் புதிய சிக்கல் அன்று. 1812இல் இலண்டனில் பட்டயம் பெற்ற வளி நிறுவனம் நிலக்கரியிலிருந்து தெருவிளக்குகளுக்கு வளி வழங்கத் தொடங்கியபோதே தாரும் வந்துசேர்ந்தது. முதலில் வேண்டாத கழிவாக இருந்த நிலக்கரித் தார், பின்னர் வேதித் தொழிலின் மூலப்பொருளாயிற்று. 1856இல் வில்லியம் பெர்க்கின் கண்டறிந்த மாவ் என்னும் ஊதாச் சாயம், தாரிலிருந்து பெறப்பட்ட அனிலீனைக் கொண்டு உருவானது. பெரிய நகரங்களில் டன் கணக்கில் சேர்ந்த தாருக்குச் சந்தை இருந்தது. சிறிய விறகு உலைகளில் அங்கங்கே சேரும் தாருக்கு அத்தகைய சந்தை இல்லை. அங்கே அது வெறும் தொல்லையாகவே நின்றது.

1920களில் பிரான்சைச் சேர்ந்த பொறியாளர் சார்சு இம்பேர், வளி கீழ்நோக்கிச் செல்லும் உலையை மேம்படுத்தினார். இதில் விறகிலிருந்து எழும் ஆவி, உலையின் குறுகிய கழுத்துப் பகுதியில் உள்ள தணல் வழியாகச் சென்றே வெளியேற முடியும். அந்த வெப்பத்தில் தாரின் பெரும்பகுதி சிதைந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஐரோப்பாவில் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டிகள் இத்தகைய வளியில் ஓடின. சுவீடனில் மட்டும் அவற்றின் எண்ணிக்கை 70,000ஐ எட்டியது. அதே காலத்தில் சென்னை மாகாணத்திலும் பெட்ரோல் பங்கீட்டின் விளைவாகக் கரிவாயுவில் பேருந்துகள் ஓடின. அவற்றில் விறகுக்குப் பதிலாகக் கரி இடப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கரி சுடும்போதே தாரை உண்டாக்கும் ஆவி வெளியேறிவிடுவதால், கரியிலிருந்து வரும் வளியில் தார் மிகக் குறைவு. ஆனால் கரி சுடும்போது விறகின் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிறது.

போர் முடிந்து பெட்ரோல் மலிவானதும் இவ்வண்டிகள் மறைந்தன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விறகு வளி மீண்டும் கவனம் பெற்றது. இம்முறை நோக்கம் வண்டி ஓட்டுவது மட்டுமன்று, பெரிய அளவில் மின்சாரமும் எரிபொருளும் உருவாக்குவதும் ஆகும். இம்பேர் வகை உலையைப் பெரிதாக்குவது கடினம். கழுத்து அகன்றால் அதன் நடுவே வெப்பம் குறைந்து தார் தப்பிவிடும். ஆகவே பெரிய நிலையங்கள் பாய்மப்படுக்கை உலையை நாடின. அதனோடு பத்து மடங்கு தாரும் வந்தது.

கழுவுதலும் நிக்கலும்

தாரை நீக்க எளிய வழி, வளியை நீரால் கழுவுவது. ஆனால் இதில் தார் அழிவதில்லை, வளியிலிருந்து நீருக்கு இடம் மாறுகிறது. பீனால் கலந்த அந்நீரைத் தூய்மைப்படுத்தாமல் வெளியே விட்டால் மண்ணும் கிணறும் கெடும். வளியின் வெப்பமும் தாரில் அடங்கிய ஆற்றலும் வீணாகும்.

மற்றொரு வழி, தாரைச் சூடான நிலையிலேயே சிதைத்து எரிவளியாக்குவது. வெப்பத்தால் மட்டும் இதைச் செய்ய 1,100 பாகைக்கும் மேற்பட்ட வெப்பநிலை தேவை. வினையூக்கி இருந்தால் 800 முதல் 900 பாகையே போதும். வினையூக்கியின் பரப்பில் தார் மூலக்கூறுகள் நீராவியுடனும் கார்பன் டைஆக்சைடுடனும் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஐதரசனாகவும் மாறுகின்றன. கழிவு எரிபொருளாகிறது.

பெட்ரோலிய வேதித் தொழிலில் இயற்கை எரிவளியை நீராவியுடன் வினைபுரியச் செய்யப் பயன்படும் நிக்கல் வினையூக்கிகள் இதற்கு முதலில் சோதிக்கப்பட்டன. அமெரிக்காவின் பசிபிக்கு வடமேற்கு ஆய்வகத்தில் 1980களில் நடந்த சோதனைகள் இத்துறையின் தொடக்கப் பணிகளுள் அடங்கும். நிக்கல் தாரை ஏறத்தாழ முழுமையாக அழித்தது. ஆனால் வளியில் தார் மிகுதியாக இருந்தால் அதன் பரப்பில் கரி படிந்து செயலிழந்தது. ஐதரசன் சல்பைடு அதை நஞ்சாக்கியது. பயன்படுத்தித் தீர்ந்த நிக்கல் நச்சுக் கழிவாகவும் நின்றது. விறகின் விலைக்கு மின்சாரம் விற்கும் நிலையத்துக்கு இது கட்டுப்படியாகவில்லை. இந்நிலையில்தான் ஆய்வாளர்களின் பார்வை கற்களின்மீது திரும்பியது.

டோலமைட்

டோலமைட் என்பது கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் கார்பனேட்டும் சேர்ந்த கனிமம். 1791இல் இதை விவரித்த பிரெஞ்சு நிலவியலாளர் தியோதா த தொலோமியூவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. தூய டோலமைட்டில் எடையளவில் 30 விழுக்காடு கால்சியம் ஆக்சைடும், 22 விழுக்காடு மக்னீசியம் ஆக்சைடும், ஏறத்தாழ 48 விழுக்காடு கார்பன் டைஆக்சைடும் உள்ளன. சூளையில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த ஆக்சைடுக் கலவை எஞ்சும். சுண்ணாம்புச் சூளையில் நடப்பதும் இதுவே. தாரைச் சிதைப்பது இச்சுட்ட வடிவமே. சுடாத கல்லின் செயல்திறன் மிகக் குறைவு.

சுவீடனின் சுதுட்சுவிக்கு ஆய்வு மையம் 1980களின் நடுப்பகுதியில் டோலமைட் நிரப்பிய தனிக் கலனை வளிமமாக்கும் உலைக்கு அடுத்து வைத்துச் சோதித்தது. அங்கிருந்து பிரிந்து உருவான டிபிஎசு நிறுவனம் இம்முறையை வளர்த்தெடுத்தது. இங்கிலாந்தின் வடக்கு யார்க்குசயரில் எக்பரோ என்ற இடத்தில், வில்லோ மரங்களை வளர்த்து 8 மெகாவாட்டு மின்சாரம் எடுக்கத் திட்டமிடப்பட்ட ஆர்பர் நிலையம் இத்தொழில்நுட்பத்தையே நம்பியிருந்தது. அது முழுமையான செயல்பாட்டை எட்டும் முன்பே 2002இல் அதன் நிறுவனம் கலைக்கப்பட்டது.

டோலமைட்டின் செயல்திறனை முறையாக அளந்ததில் எசுப்பானியாவுக்குப் பெரும் பங்குண்டு. மத்ரித்து கம்புளூத்தென்சே பல்கலைக்கழகத்தின் ஓசே கொரேயாவும் சரகோசா பல்கலைக்கழகத்தின் மரியா அசுனாரும் தம் குழுவினருடன் 1990களில் தொடர்ச்சியாக ஆய்வுகளை வெளியிட்டனர். சுட்ட டோலமைட், சுட்ட மாக்னசைட், சுட்ட சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றையும் 1997இல் ஒப்பிட்டபோது டோலமைட் முதலிடமும் மாக்னசைட் இரண்டாமிடமும் பெற்றன. அதே ஆண்டு எசுப்பானியாவின் நான்கு சுரங்கங்களிலிருந்து எடுத்த டோலமைட்டுகளை ஒப்பிட்டதில், எல்லாக் கற்களும் ஒன்றுபோல் இல்லை என்பது தெரிந்தது. இரும்பு ஆக்சைடு சற்று அதிகமாக இருந்த கல்லே சிறப்பாகச் செயல்பட்டது. 1999இல் வெளியான ஆய்வில், தனிக் கலன் இல்லாமல் உலையின் மணற்படுக்கையிலேயே 15 முதல் 30 விழுக்காடு டோலமைட்டைக் கலந்தாலும் தார் கன மீட்டருக்கு 1 கிராம் அளவுக்குக் குறையும் எனக் காட்டப்பட்டது. எஞ்சிய தாரை அடுத்த கலனில் உள்ள நிக்கல் அழிக்கலாம். முதலில் மலிவான கல், பின்னர் விலை உயர்ந்த நிக்கல் என்னும் இவ்விரு படி முறையில் நிக்கலின் ஆயுளும் கூடியது.

அழுத்தம் ஏற்படுத்திய தடை

பின்லாந்தின் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் பெக்கா சிமெலும் அவரது உடன் ஆய்வாளர்களும் 1990களில் வேறொரு கேள்வியை எழுப்பினர். வளிச்சுழலிக்கு வளி வழங்க உலையை உயர் அழுத்தத்தில் இயக்கினால் டோலமைட் வேலை செய்யுமா?

ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள தூய கார்பன் டைஆக்சைடில், கால்சியம் கார்பனேட்டு சிதைய ஏறத்தாழ 900 பாகை வெப்பம் வேண்டும். சாதாரண அழுத்தத்தில் இயங்கும் உலையின் வளியில் கார்பன் டைஆக்சைடின் பங்கு சிறிதே என்பதால் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே கல் சுட்ட நிலையில் இருக்கும். ஆனால் 20 மடங்கு அழுத்தத்தில் கார்பன் டைஆக்சைடின் பகுதி அழுத்தமும் அதே அளவு உயர்கிறது. அப்போது கால்சியம் ஆக்சைடு மீண்டும் கார்பனேட்டாகி வினையூக்கும் திறனை இழக்கிறது. சிமெல் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது.

சுவீடனின் வார்னமோ நகரில் 1990களில் இயங்கிய உயர் அழுத்த நிலையத்துக்கு இது நடைமுறைச் சிக்கலாயிற்று. 18 மெகாவாட்டு எரிபொருளிலிருந்து 6 மெகாவாட்டு மின்சாரமும் 9 மெகாவாட்டு வெப்பமும் தந்த அந்நிலையம், டோலமைட்டுக்கு மாற்றாக மாக்னசைட்டைப் படுக்கைப் பொருளாகப் பயன்படுத்தியது. மக்னீசியம் ஆக்சைடு அச்சூழலில் மீண்டும் கார்பனேட்டாவதில்லை.

ஒலிவின்

டோலமைட்டின் மற்றொரு குறை அதன் மென்மை. சுடும்போது எடையில் ஏறத்தாழ பாதியை இழக்கும் கல், பாய்மப்படுக்கையின் ஓயாத உராய்வில் பொடியாகி வளியோடு பறந்துவிடுகிறது. தாருக்குப் பதிலாகத் தூசி வந்துசேர்கிறது. ஒலிவின் இதற்கு மாற்றாக அமைந்தது. இது மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேட்டுக் கனிமம். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் டோலமைட் 3.5 முதல் 4 வரை பெற, ஒலிவின் 6.5 முதல் 7 வரை பெறுகிறது.

இத்தாலியின் லாக்குயிலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரப்பாஞ்ஞா, பொசுக்கோலோ ஆகியோர் பிரான்சின் ஆய்வாளர்களுடன் இணைந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, ஒலிவின் படுக்கையில் தார் டோலமைட்டுக்கு ஒப்பான அளவில் குறைவதையும் தேய்மானம் குறைவாக இருப்பதையும் காட்டியது. 2004இல் கொரேயா குழுவினர் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டனர். தார் நீக்கத்தில் டோலமைட் 1.4 மடங்கு சிறந்தது. ஆனால் அது ஒலிவினைவிட 4 முதல் 6 மடங்கு அதிகத் தூசியை உண்டாக்கியது. எனவே எது சிறந்தது என்பதற்கான விடை, நிலையத்தில் தூசியை நீக்கும் அமைப்பு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வுகள், ஒலிவினைக் காற்றில் 900 பாகையில் பல மணி நேரம் சூடாக்கினால் அதனுள் உள்ள இரும்பு பரப்புக்கு வந்து செயல்திறன் கூடுவதைக் காட்டின.

ஒலிவினுக்குப் பெயர் தேடித்தந்தது ஆத்திரியாவின் கியூசிங்கு நகரம். அங்கேரி எல்லையை ஒட்டிய, 4,000 பேருக்கும் குறைவானோர் வாழும் அந்நகரில் 2001இல் 8 மெகாவாட்டு வளிமமாக்கல் நிலையம் அமைக்கப்பட்டது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எர்மன் ஓப்பவுர் குழுவினர் உருவாக்கிய இரட்டைப் படுக்கை முறையில் அது இயங்கியது. ஒரு படுக்கையில் நீராவியால் விறகு வளியாகிறது. எஞ்சும் கரி ஒலிவினுடன் மற்றொரு படுக்கைக்குச் சென்று எரிகிறது. சூடேறிய ஒலிவின் திரும்பி வந்து முதல் படுக்கைக்கு வெப்பம் தருகிறது. ஒரே கல் வெப்பத்தைச் சுமக்கும் பொருளாகவும் வினையூக்கியாகவும் பணிபுரிந்தது. அங்கு எதிர்பாராத ஒரு விளைவும் காணப்பட்டது. பல நாள் பயன்பட்ட ஒலிவின், புதிய ஒலிவினைவிட நன்றாகத் தாரைச் சிதைத்தது. விறகுச் சாம்பலிலிருந்து வந்த கால்சியம் துகள்களின்மேல் மெல்லிய உறையாகப் படிந்ததே காரணம் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எனினும் எஞ்சிய தாரைக் கழுவ, கடுகினத் தாவரமான இரேப்புச் செடியின் எண்ணெயிலிருந்து பெறும் உயிரி டீசல் தேவைப்பட்டது.

கோத்தென்பர்க்குப் படிப்பினை

சாம்பலின் பங்கு எவ்வளவு பெரிது என்பதைச் சுவீடனின் கோத்தென்பர்க்கு நகரில் 2014இல் திறக்கப்பட்ட கோபைகேசு நிலையம் உணர்த்தியது. விறகிலிருந்து 20 மெகாவாட்டு அளவில் மீத்தேன் உருவாக்கி நகரின் வளிக்குழாய்களில் செலுத்துவது அதன் நோக்கம். தொடக்கத்தில் புதிய ஒலிவினைக் கொண்டு இயக்கியபோது, தார் படிந்து வளியைக் குளிர்விக்கும் கருவி விரைவிலேயே அடைபட்டது. உலைக்குள் பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலைச் சேர்த்ததும் தார் குறைந்து, நிலையம் தொடர்ந்து இயங்கியது. விறகுச் சாம்பலிலேயே இயல்பாக உள்ள உப்புதான் பொட்டாசியம் கார்பனேட்டு. தொழில்நுட்பம் நிறுவப்பட்டபோதிலும், பொருளாதாரக் காரணங்களால் 2018இல் நிலையம் நிறுத்தப்பட்டது.

அதே நகரின் சால்மர்சு பல்கலைக்கழகம் இல்மனைட், பாக்சைட்டு ஆகியவற்றையும் படுக்கைப் பொருள்களாகச் சோதித்தது. இல்மனைட் என்பது இரும்பும் தைட்டானியமும் சேர்ந்த கருநிறத் தாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ளதும் இதே கனிமமே.

கரி

இயற்கை வினையூக்கிகளில் மிக மலிவானது உலைக்குள்ளேயே கிடைக்கும் கரி. அதன் நுண்துளைகள் தாரைப் பிடித்துக்கொள்ள, அதிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும் சிதைவை விரைவாக்குகின்றன. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் அபூ எல்ரூபு குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 900 பாகையில் நாப்தலீனைச் சிதைப்பதில் நிக்கலுக்கு அடுத்த இடத்தைக் கரி பெற்றது. டோலமைட்டும் ஒலிவினும் அதற்குப் பின்னே வந்தன.

டென்மார்க்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2002இல் இயங்கத் தொடங்கிய வைக்கிங்கு என்னும் 75 கிலோவாட்டு உலை இதைப் பயன்படுத்திக்கொண்டது. அதில் விறகு தனிக் கலனில் சூடாக்கப்பட்டு, எழும் ஆவி முதலில் சிறிது காற்றுடன் எரிந்து, பின்னர் கரிப்படுக்கை வழியாகச் செல்கிறது. வெளிவரும் வளியில் தார் மிக அரிதாகவே எஞ்சியது. இம்பேரின் உலையும் தணல் வழியே ஆவியைச் செலுத்தியது என்பதை நோக்க, 1940களின் வண்டியோட்டிகளும் அறியாமலே ஓர் இயற்கை வினையூக்கியைப் பயன்படுத்தினர் எனலாம். கரியின் குறை, நீராவியுடன் வினைபுரிந்து அதுவே தீர்ந்துபோவது. ஆகவே உலையில் புதிய கரி தொடர்ந்து உருவாக வேண்டும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1980களிலிருந்து மேல்பகுதி திறந்த, வளி கீழ்நோக்கிச் செல்லும் உலைகளை உருவாக்கியது. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தைச் சேர்ந்த ஓசஹள்ளி என்னும் மின்வசதியற்ற சிற்றூருக்கு 1988இல் இத்தகைய உலையிலிருந்து மின்சாரம் கிடைத்தது. விளக்குடன் குடிநீரும் மாவு அரைக்கும் வசதியும் வந்தன. இவ்வுலைகளில் தார் இயல்பாகவே குறைவு என்பதால், நீரால் குளிர்வித்து மணல் வடிகட்டி வழியே செலுத்தும் முறை பின்பற்றப்பட்டது. சிற்றூர் உலைக்கு வடிகட்டியைத் துப்புரவு செய்வதும் கழிவுநீரை அகற்றுவதும் அன்றாட வேலைகள். அவை தவறினால் எந்திரம் நின்றுவிடும், ஊர் இருளும். தாரை உலையிலேயே அழிக்கும் மலிவான வழி இங்குதான் மிகவும் தேவைப்படுகிறது.

மூலப்பொருளுக்குக் குறைவில்லை. டோலமைட் இந்தியாவின் பல மாநிலங்களில் கிடைக்கிறது. சேலத்தின் சுண்ணாம்புக் கரடுப் பகுதியில் மாக்னசைட்டும், ஒலிவின் நிறைந்த துனைட்டுப் பாறையும் ஒரே இடத்தில் உள்ளன. ஆனால் எசுப்பானிய ஆய்வு காட்டியபடி ஒவ்வொரு சுரங்கத்தின் கல்லும் வேறுபடுவதால், உள்ளூர்க் கல்லை உள்ளூர் விறகுடன் சோதித்த பின்னரே பயன்படுத்த முடியும்.

மதிப்பீடு

இயற்கை வினையூக்கிகள் தார்ச் சிக்கலை முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. டோலமைட் செயல்திறன் மிக்கது, ஆனால் பொடியாகும், உயர் அழுத்தத்தில் செயலிழக்கும். ஒலிவின் உறுதியானது, ஆனால் அதன் திறன் சாம்பல் உறை படியும் வரை குறைவு. கரி ஆற்றல் வாய்ந்தது, ஆனால் தீர்ந்துபோகும். இவை எவையும் எந்திரத்துக்கு வேண்டிய தூய்மையை எப்போதும் தனியாகத் தருவதில்லை. இறுதியில் கழுவும் கலனோ நிக்கலோ தேவைப்படலாம். எனினும் தாரின் பெரும்பகுதியை உலைக்குள்ளேயே எரிவளியாக மாற்றி, அடுத்து வரும் கருவிகளின் சுமையையும் செலவையும் இவை குறைத்துள்ளன. வினையூக்கும் பண்பு கல்லில் மட்டும் இல்லை, அக்கல் விறகின் சாம்பலோடு கொள்ளும் உறவிலும் உள்ளது என்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் வெளிப்படுத்திய முக்கிய உண்மையாகும்.